மூக்கறுபட்ட நட்சத்திரங்கள்: தையல் கேள்வி – பதில்

துண்டுத் துணிகளை இணைத்து, மேஜையின் நடுவே நீளமாக விரிக்கும் டேபிள் ரன்னர் தைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பல கேள்விகள் 'ஓஹியோ ஸ்டார்' என்ற அமெரிக்கப் பழைய பாணி நட்சத்திர பிளாக்கை (துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரத்தை) சுற்றியே இருந்ததால், அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டோம்.

கேள்வி: ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜைக்கு மூன்று நட்சத்திரம் வைத்து ரன்னர் தைக்க ஆசை. துணி எவ்வளவு வாங்க வேண்டும், எப்படி வெட்ட வேண்டும்? அளவோடு சொல்லுங்கள். (வாசகி, திண்டுக்கல்)

தைத்து முடித்த அளவு 16 இஞ்ச் அகலம், 44 இஞ்ச் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தடி மேஜையில் இரு முனையிலும் 8 இஞ்ச் வெற்றிடம் இருக்கும், பார்க்க அழகு. 12 இஞ்ச் பிளாக் மூன்று, அவற்றுக்கு நடுவே 2 இஞ்ச் பட்டி இரண்டு, சுற்றிலும் 2 இஞ்ச் பார்டர்.

ஒரு பிளாக் என்பது மூன்றுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது கட்டம். நடுக்கட்டம் நட்சத்திர நிறம். நான்கு மூலையும் பின்புல நிறம். மீதி நான்கும் நான்கு முக்கோணங்களால் ஆன கட்டங்கள். நட்சத்திரத்தின் கூர்கள் அவற்றிலிருந்துதான் வருகின்றன.

நட்சத்திரத் துணியில் 4½ இஞ்ச் சதுரம் 3, 5½ இஞ்ச் சதுரம் 6. பின்புலத் துணியில் 4½ இஞ்ச் சதுரம் 12, 5½ இஞ்ச் சதுரம் 6. இரண்டிலும் அரை மீட்டர் வாங்கினால் போதும், கொஞ்சம் மிஞ்சவும் மிஞ்சும். அந்த மிச்சம் தேவைப்படும். முதல்முறை தைக்கிறவர் ஒரு கட்டத்தையாவது பிரித்துத் தைக்காமல் முடிப்பதில்லை.

பார்டருக்கும் நடுப்பட்டிக்கும் 2½ இஞ்ச் அகலப் பட்டிகள்: 40½ இஞ்ச் நீளத்தில் 2, 16½ இஞ்சில் 2, 12½ இஞ்சில் 2. ஓரம் கட்டும் பைண்டிங்குக்கு 2¼ இஞ்ச் அகலத்தில் மொத்தம் 132 இஞ்ச் நீளம். எல்லாம் ஒரே துணியில் என்றால், 44 இஞ்ச் பன்னாவில் (துணியின் அகலத்தில்) 60 சென்டிமீட்டர். உங்கள் கடையில் 36 இஞ்ச் பன்னா பாப்ளின்தான் கிடைக்கிறதென்றால் 40½ இஞ்ச் பட்டி குறுக்குவாட்டில் வராது. ஒன்றேகால் மீட்டர் வாங்கி, கரைக்கு, அதாவது நெசவின் ஓரத்துக்கு, இணையாக நீளவாக்கில் வெட்டுங்கள். செலவு கூடினாலும் லாபம் உண்டு: பாவு நூல் ஊடை நூலைவிடக் குறைவாகவே இழுபடும், அதனால் பார்டர் நேராக நிற்கும்.

அடித்துணியும் உள்ளே வைக்கும் மெத்தென்ற அடுக்கான வாடிங்கும் 20 × 48 இஞ்சுக்குக் குறையக் கூடாது. ஒன்றேகால் மீட்டர் சரியாக இருக்கும். எல்லாத் துணியிலும் கரையை வெட்டி நீக்கிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். கரைப் பகுதியின் நெசவு இறுக்கம். துவைத்தால் அது தனியாகச் சுருங்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் சரியாக வெட்டித்தான் தைத்தேன். ஆனால் பிளாக் 12½ வர வேண்டிய இடத்தில் 12¼ தான் வருகிறது. நட்சத்திரத்தின் கூரும் மொட்டையாக இருக்கிறது. என் மெஷின் கோளாறா? (வாசகி, நாகர்கோவில்)

மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். தையல் கொஞ்சம் உள்ளே போகிறது, அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள்: 4½ இஞ்ச் கட்டங்கள் மூன்று சேர்ந்தால் 13½. ஒவ்வொரு இணைப்பும் இரு பக்கமும் கால் இஞ்ச், ஆக அரை இஞ்சை விழுங்கும். இரண்டு இணைப்புக்கு ஒரு இஞ்ச் போக 12½. நீங்கள் கால் இஞ்சுக்கு மேல் வெறும் ஒரு மாகாணி, அதாவது இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு, அதிகமாகப் பிடித்தால் ஒவ்வொரு இணைப்பிலும் அரைக்கால் இஞ்ச் கூடுதலாகப் போகும். இரண்டு இணைப்புக்குக் கால் இஞ்ச். உங்கள் 12¼ அங்கிருந்துதான் வந்தது.

பிளவுஸ் தைத்துப் பழகியவர்களுக்கு இது புதிய ஒழுக்கம். பிளவுஸில் உள்ளே துணி விட்டுத் தைப்போம், பிடித்தால் விடலாம், தளர்ந்தால் பிடிக்கலாம். பேட்ச்வொர்க்கில், அதாவது ஒட்டுத்துணி வேலையில், அந்தச் சலுகை கிடையாது. அதோடு, கால் இஞ்சையும் ஒரு நூலிழை குறைவாகத்தான் பிடிக்க வேண்டும். தையலைத் திருப்பி மடிக்கும்போது அந்த மடிப்பே ஒரு நூலிழை அளவு துணியைத் தின்றுவிடும்.

சோதிக்க எளிய வழி: 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டுங்கள். நீளவாக்கில் இணைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டி சரியாக 1 இஞ்ச், மொத்த அகலம் 3½ இஞ்ச் இருக்க வேண்டும். நடுப்பட்டி குறைந்தால் தையலை வெளியே நகர்த்துங்கள், கூடினால் உள்ளே. சரியான இடம் கிடைத்ததும் ஊசியிலிருந்து அந்தத் தூரத்தில் மெஷின் தட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்கு ஒட்டி, துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும்படி விடுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் காலான பிரஸ்ஸர் ஃபுட்டின் ஓரத்தை நம்ப வேண்டாம். சாதாரண ஃபுட்டின் விளிம்பு ஊசியிலிருந்து கால் இஞ்சில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கூர் மொட்டையாவதற்குக் காரணம் வேறு. எல்லாத் தையலும் ஒரே சீராகக் கொஞ்சம் அகலமாகப் போனால்கூடப் பிளாக் சிறுக்குமே தவிர கூர் தப்பித்துவிடும். ஒரு தையல் கால் இஞ்ச், அடுத்தது அதைவிட அகலம் என்று மாறி மாறிப் போனால்தான் நட்சத்திரத்துக்கு மூக்கறுபடும். பிளாக்கோடு நடுப்பட்டியை இணைக்கும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. பட்டி அடியிலும், பிளாக்கின் பின்பக்கம் மேலே தெரியும்படியும் வைத்துத் தையுங்கள். பழைய தையல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் புள்ளி கண்ணுக்குத் தெரியும். ஊசி அந்தப் புள்ளி மேலேயே, அல்லது ஓரத்தை நோக்கி ஒரே ஒரு நூலிழை தள்ளிப் போக வேண்டும்.

இன்னொன்று. இஞ்சில் தொடங்கினால் கடைசி வரை இஞ்ச்தான். பாதி வேலையில் சென்டிமீட்டருக்குத் தாவ வேண்டாம். கழுத்தில் தொங்கும் டேப்பும் வேண்டாம், நாளாக நாளாக அது நீண்டுவிடும். ஒரே ஸ்கேலால் எல்லாவற்றையும் அளங்கள்.

கேள்வி: நான்கு முக்கோணக் கட்டம்தான் எனக்கு வரவே இல்லை. முக்கோணமாக வெட்டி இணைத்தால் துணி இழுத்துக்கொண்டு கோணலாகிறது. (வாசகி, ஈரோடு)

முக்கோணமாக வெட்டுவதுதான் தவறு. குறுக்கே வெட்டிய விளிம்பு கிராஸ் துணி, தொட்டாலே நீளும். முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

நட்சத்திர நிறத்தில் ஒன்று, பின்புல நிறத்தில் ஒன்று என 5½ இஞ்ச் சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். வெளிர்த் துணியின் பின்பக்கம் மூலைக்கு மூலை பென்சில் கோடு. கோட்டுக்கு இருபுறமும் கால் இஞ்ச் தள்ளி இரண்டு தையல். பிறகு கோட்டின் மேல் வெட்டினால் இருநிறச் சதுரங்கள் இரண்டு வரும், ஏறக்குறைய ஐந்தே அரைக்கால் இஞ்ச். தையலை அடர்நிறப் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள்.

இனி அந்த இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க, அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம் வரும்படி வையுங்கள். இரண்டு தையல்களும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருப்பதால் ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் உட்காரும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து நெருடிப் பாருங்கள். நடுவில் மேடு தட்டினாலோ பள்ளம் தட்டினாலோ பொருந்தவில்லை என்று அர்த்தம். வழுவழுப்பாக இருந்தால் அந்த இடத்தின் இருபுறமும் குண்டூசி குத்துங்கள். நட்டநடுவில் குத்தினால் துணி நகர்ந்துவிடும். முதல் தையலுக்குக் குறுக்கே மறுபடி மூலைக்கு மூலை கோடு, இருபுறமும் தையல், நடுவில் வெட்டு. இப்போது நான்கு முக்கோணக் கட்டங்கள் இரண்டு கையில்.

இவை 4¾ இஞ்ச் சுமார் இருக்கும். 4½ ஆகச் செதுக்குங்கள். செதுக்கும்போது ஸ்கேலின் 2¼ இஞ்ச் கோடு தையல்கள் சந்திக்கும் மையத்தின் மேல், நீளம் அகலம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் கால் இஞ்சை வெட்டித் தள்ளிவிட்டால் மையம் ஓடிவிடும், கூரும் போய்விடும். 5¼ இஞ்ச் சதுரத்தில் தொடங்கினால் செதுக்கவே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப்படி உண்மைதான், ஆனால் கை பழகும் வரை கால் இஞ்ச் கூடுதலாக வைப்பதே புத்திசாலித்தனம்.

நடுவில் முடிச்சுபோல் தடித்தால், பின்பக்கம் தையல் விளிம்புக்குள் இருக்கும் இரண்டு மூன்று தையலை மட்டும் பிரித்து, நான்கு மடிப்பும் காற்றாடி இறக்கைபோல் ஒரே திசையில் சுற்றும்படி அமுக்குங்கள்.

கட்டங்களைப் பிளாக்காக அடுக்கும்போது ஒன்று கவனம்: நடுச்சதுரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது பின்புல நிற முக்கோணமாக இருக்க வேண்டும். ஒரு கட்டம் திரும்பிவிட்டாலும் நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்காது. தைக்குமுன் ஒன்பதையும் தரையில் பரப்பி, எழுந்து நின்று ஒருமுறை பாருங்கள். மேல், கீழ் வரிசைகளின் தையலை மூலைச் சதுரத்தின் பக்கமும், நடு வரிசையின் தையலை நடுச்சதுரத்தின் பக்கமும் சாய்த்தால் வரிசைகளை இணைக்கும்போதும் அதே கொக்கி கிடைக்கும்.

இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குத் தேய்ப்பதுபோல் இழுக்க வேண்டாம். வைத்து, அமுக்கி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆவி இஸ்திரி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷின். இதில் குவில்டிங் (மேல்துணி, வாடிங், அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பது) செய்ய முடியுமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

தாராளமாக. நேர்த்தையல் மட்டும் போடும் மெஷினின் தட்டில் ஊசித் துளை சிறியது. மெல்லிய துணியை உள்ளே இழுக்காது, தையல் வளையாது. இணைப்புத் தையலுக்கு 11 அல்லது 12 நம்பர் ஊசி, இஞ்சுக்கு 10 முதல் 12 தையல். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது 14 நம்பர் ஊசி, இஞ்சுக்கு 8 தையல். அப்போது பிரஸ்ஸர் ஃபுட்டை அழுத்தும் மேல் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் மேல்துணி முன்னால் தள்ளப்பட்டு, அடித்துணியில் மடிப்பு விழும்.

கேள்வி: ரோட்டரி கட்டரும் (சக்கரக் கத்தி) அதற்கு அடியில் விரிக்கும் மேட்டும் இல்லாமல் முடியாதா? விலை அதிகமாக இருக்கிறது. (வாசகி, மணப்பாறை)

ரோட்டரி கட்டரை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அறிமுகம் செய்தது 1979-இல். அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாகக் கத்தரிக்கோல்தானே! பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலோ கெட்டி அட்டையிலோ, தைத்து முடித்த பின் வரும் அளவில், அதாவது 4 இஞ்ச் சதுரமாக, அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். துணியின் பின்பக்கம் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். அந்தக் கோடு தையல் கோடு. அதற்கு வெளியே கால் இஞ்ச் கண்ணளவில் விட்டு வெட்டலாம். குண்டூசியால் கோட்டோடு கோட்டைப் பொருத்தி, கோட்டின் மேலேயே கையால் ஓட்டுத்தையல் போடுங்கள். வெளியே விட்ட துணி கூடக்குறைய இருந்தாலும் பாதகமில்லை. நேரம் பிடிக்கும், ஆனால் கூர் பிசகாது.

கேள்வி: சுங்குடிச் சேலை மிச்சம், கலம்காரித் துண்டுகள், கல்யாணப் பட்டுச் சேலையின் கிழிந்த பகுதி எல்லாம் இருக்கின்றன. கலந்து தைக்கலாமா? (வாசகி, மதுரை)

பட்டை எடுத்து வைத்துவிடுங்கள். சாம்பார் சிந்தும் மேஜையில் துவைக்க முடியாத துணிக்கு வேலை இல்லை.

சுங்குடியும் கலம்காரியும் பருத்தி, நன்றாக ஒத்துப்போகும். ஆனால் சுங்குடி மெல்லிசு. வெட்டுமுன் கஞ்சி போட்டு மொடமொடவென்று ஆக்கிக்கொள்ளுங்கள். கஞ்சி போட்ட துணி காகிதம்போல் நிற்கும், கிராஸ் விளிம்பும் அடங்கியிருக்கும். தைத்து முடித்ததும் அலசிவிட வேண்டும். கஞ்சியோடு பீரோவில் வைத்தால் பூச்சிக்கு விருந்து.

சாயம்தான் பெரிய ஆபத்து. சிவப்பு, நீலம், கறுப்பு, மெரூன் எதுவானாலும் வெள்ளைத் துணியை ஈரமாக்கி மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பாருங்கள். கறை ஏறினால் அந்தத் துணியைச் சூடான தண்ணீரிலும் சோப்பிலும் தண்ணீர் தெளியும் வரை துவைக்க வேண்டும். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்த துணியில் தளர்ந்து நிற்கும் சாயத்தை உப்பு கட்டிப்போடாது. மூன்று முறை துவைத்தும் தண்ணீர் சிவந்தால் அந்தத் துணி வெள்ளைப் பின்புலத்துக்கு ஆகாது.

கேள்வி: உள்ளே என்ன வைப்பது? தையல் சாமான் கடையில் புசுபுசுவென்று பாலியஸ்டர்தான் தருகிறார்கள். (வாசகி, கோவை)

மெத்தைக்கு அது நல்லது, ரன்னருக்கு ஆகாது. மேடு பள்ளமான ரன்னரில் தண்ணீர் டம்ளர் நிற்காது. சூடான பாத்திரம் பட்டால் பாலியஸ்டர் சப்பையாகி இறுகிவிடும். மெல்லிய பருத்தி வாடிங் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பருத்தி ஃபிளானல் ஓர் அடுக்கு. ஃபிளானல் நன்றாகச் சுருங்கும், அதனால் சூடான தண்ணீரில் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். நைந்த பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து வைத்தாலும் வேலை நடக்கும். டர்க்கி டவல் வேண்டாம், ஓரம் கட்டும்போது தடித்துவிடும். எதை வைத்தாலும் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக ரன்னர் மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: தைத்து முடித்த ரன்னர் மேஜையில் படியவில்லை, ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

நீளமான பட்டியை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதைக் கடைசியில் வெட்டியிருப்பீர்கள். தைக்கும்போது பட்டி கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் ஊட்டப்பட்டுவிடும். பார்டரின் நீளத்தை ரன்னரின் ஓரத்தில் அளக்காதீர்கள். ஓரம் ஏற்கெனவே இழுபட்டிருக்கும். நட்டநடுவில் அளந்து, அந்த அளவுக்குப் பட்டியை வெட்டி, நடு, இரு முனை, கால் பாகம் என்று குண்டூசி குத்திவிட்டுப் பிறகு தையுங்கள். ஓரம் மிஞ்சுவதுபோல் இருந்தால் மிஞ்சும் பக்கம் அடியில் இருக்கட்டும். மெஷினின் பல் அதை இழுத்துச் சமன் செய்துகொள்ளும்.

நெளிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு: நடுவில் நெருக்கமாகக் குவில்டிங் தையல் போட்டுவிட்டு பார்டரைச் சும்மா விடுவது. தையல் விழுந்த இடம் சுருங்கும், விழாத இடம் விரிந்து நிற்கும். எல்லா இடத்திலும் ஏறக்குறைய 2 இஞ்சுக்கு ஒரு கோடு என்று சமமாகப் போடுங்கள். நடு பிளாக்கிலிருந்து தொடங்கி முனைகளை நோக்கிப் போக வேண்டும். அதற்கு முன் அடித்துணியைப் பின்பக்கம் மேலே வரும்படி தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, மேலே வாடிங், அதற்கு மேல் பிளாக்குகளை இணைத்த மேல்துணி; உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின்.

கேள்வி: துண்டுத் துணிதான் நிறைய, எல்லாம் ஒல்லிப் பட்டிகள். நட்சத்திரம் வராது. வேறு பழைய டிசைன் உண்டா? (வாசகி, காரைக்குடி)

'லாக் கேபின்', மரக்கட்டை வீடு. நடுவில் 2½ இஞ்ச் சதுரம். அதைச் சுற்றி 1½ இஞ்ச் பட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு பட்டி வெளிர்நிறம், அடுத்த இரண்டு அடர்நிறம். முதல் சுற்றின் பட்டிகள் 2½, 3½, 3½, 4½ இஞ்ச். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டிரண்டு இஞ்ச் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாம் சுற்றில் 10½, 11½, 11½, 12½. அத்தோடு பிளாக் முடிந்தது. ஒரு பிளாக்குக்கு வெளிர்நிறம் 70 இஞ்ச், அடர்நிறம் 80 இஞ்ச் நீளம் வேண்டும். பட்டியை முன்கூட்டியே இந்த அளவுக்கு வெட்டிவிட்டுத் தையுங்கள், இல்லையென்றால் பார்டரில் சொன்ன அதே அப்பளம்தான். நடுச்சதுரத்தைச் சிவப்பில் வைப்பது பழைய வழக்கம். வீட்டின் அடுப்பங்கரை நெருப்பு என்று சொல்வார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் தப்பி ஓடிய அடிமைகளுக்கு இந்த பிளாக்குகள் ரகசியக் குறியாக இருந்தன என்கிறார்களே, உண்மையா? (வாசகர், சென்னை)

கேட்க நன்றாக இருக்கும் கதை. 1990-களின் இறுதியில் பரவலானது. குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். பெயர்களே நிலையாக இருந்ததில்லை. 'சர்ன் டேஷ்', அதாவது வெண்ணெய் கடையும் மத்து என்ற பிளாக்கையே வேறு ஊர்களில் 'மங்கி ரெஞ்ச்' என்றும், 'களஞ்சியக் கதவில் ஓட்டை' என்றும் அழைத்தார்கள். 'கன்சாஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழ் 1928 முதல் 1961 வரை பிளாக் மாதிரிகளை அச்சிட்டு வந்தது. பல பெயர்கள் நிலைத்தது அதுபோன்ற பத்திரிகைகளால்தான்.

பிளாக்கே இல்லாத ஒட்டுத்துணி வேலையைப் பார்க்க வேண்டுமானால் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டம் போதும். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளால் தைக்கும் கவந்தி என்ற போர்வை, ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி வரும். அளவுகோல் கிடையாது.

கேள்வி: பைண்டிங் மூலை உருண்டையாகிவிடுகிறது. கூர்மையாக வர என்ன வழி? (வாசகி, புதுச்சேரி)

முதலில் மிஞ்சிய அடித்துணியையும் வாடிங்கையும் மேல்துணி அளவுக்கு நேராக வெட்டுங்கள். 2¼ இஞ்ச் பட்டிகளை மூலைவாட்டில் இணைத்து நீளமாக்கி, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். நீளமான பக்கத்தின் நடுவில், முதல் 6 இஞ்சைத் தைக்காமல் விட்டுத் தொடங்குங்கள். மூலையில் தொடங்கவே கூடாது. பட்டியின் திறந்த விளிம்பும் ரன்னரின் விளிம்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, நூலை வெட்டி, துணியை வெளியே எடுங்கள். பட்டியை நேர் மேலே மடக்குங்கள். மூலையில் 45 டிகிரி சாய்வு விழும். அந்தச் சாய்வை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே பட்டியைக் கீழே இறக்குங்கள். மேல் மடிப்பு ரன்னரின் மேல் விளிம்போடு ஒன்றாக நிற்க வேண்டும். இப்போது அடுத்த பக்கத்தை விளிம்பிலிருந்தே தைத்து இறங்குங்கள். கால் இஞ்சுக்கு முன் நிற்காமல் முனை வரை தைத்துவிட்டால் அந்த மடிப்பு மாட்டிக்கொள்ளும். மூலை உருண்டையாவது அதனால்தான்.

கடைசியில் இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று 2¼ இஞ்ச், அதாவது பட்டியின் அகலம் எவ்வளவோ அவ்வளவு, ஏறும்படி வெட்டுங்கள். மடிப்பை விரித்து, இரு முனைகளையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க எல் வடிவில் வைத்து, மூலைக்கு மூலை தைத்து, கால் இஞ்ச் விட்டு மிச்சத்தை வெட்டினால் சரியாக அமரும். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங். மூலையில் ஒரு பக்கத்தை முதலில் மடக்கி, அதன்மேல் மறுபக்கத்தை மடக்குங்கள். முன்பக்கம் மடிப்பு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ, பின்பக்கம் அதற்கு எதிர்த்திசையில் சாய வேண்டும். அப்போது தடிமன் இரண்டு பக்கமும் பிரிந்துகொள்ளும். மூலை மடிப்பிலும் இரண்டு தையல் போட்டுவிடுங்கள், துவைக்கும்போது வாய் பிளக்காது.